சைவ மேசை

இல்லக்கா, தினமும் கறியைச் சுட்டுச் சாப்பிட மாட்டாங்க. யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க. வெயில் காலத்துல மட்டும்தான். அங்க வெயிலே மூணு மாசம்தானே. அந்த மூணு மாசமும் சனி ஞாயிறு வந்தா ஆளாளுக்குப் பார்க்குல போய் அடுப்பைப் பத்த வச்சுருவாங்க. பார்பிக்யூம்பாங்க. நம்ம ஆளுகளும் அப்படித்தான். நாங்க இருக்கிற ஊர்ல ஒரு முப்பது தமிழ்க் குடும்பம். அமெரிக்காவுல ஒஹாயோன்னு ஒரு மாநிலம், அதுல ஒரு சின்ன ஊரு.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கவா? ரயிலு கோவில்பட்டி போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். நீங்க கேட்டதுனால சொல்றேன். இதை நான் எங்க வீட்டுக்காரர்கிட்டகூட முழுசாச் சொன்னதில்ல.

சுடுறது ஆம்பளைங்க வேலைக்கா. வீட்டுல ஒரு தோசை திருப்பிப் போடத் தெரியாதவங்க எல்லாம் இடுக்கியைக் கையில பிடிச்சுக்கிட்டு அடுப்பைச் சுத்தி நிப்பாங்க. ஒருத்தர் கோழிக்காலைத் திருப்புவார், ஏழு பேரு ஆலோசனை சொல்லுவாங்க. அப்புறம் போட்டோ. கறிக்கு மசாலா தடவுனது யாரு, முதநாளே ஊற வச்சது யாரு, அது போட்டோவுல வராது. சரி, அதை விடுங்க. கறியை மட்டும் வச்சு யாரும் சாப்பிட முடியாதுல்ல? பக்கத்துல வைக்க உருளைக்கிழங்கு சாலட், முட்டைகோஸைத் துருவி ஒண்ணு, மக்காச்சோளம், பீன்ஸ், பச்சடி, தர்பூசணி, இப்படி எட்டு வகை வேணும். அது பூரா எங்க வேலை.

அந்தக் கூட்டத்துல காந்திமதின்னு ஒருத்தி. நெல்லை டவுன்காரி, சைவப்பிள்ளைமார். எனக்கு ரெண்டு வயசு மூத்தவ, ஆனா வா போன்னுதான் பேசிக்குவோம். நம்ம பக்கத்து ஆளுங்கிறதால முதல் நாள்லயே ஒட்டிக்கிட்டா. என்னை "ஏட்டி கொடி"ன்னுதான் கூப்பிடுவா. என் பேரு ஜெயக்கொடி. அமெரிக்காவுல என்னை ஏட்டின்னு கூப்பிட ஒருத்தி இருக்கான்னா, அது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

காந்திமதி முட்டைகூடத் தொட மாட்டா. அதுக்காக மத்தவங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. மூக்கைப் பொத்த மாட்டா. கடைக்குப் போனா பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பத்து நிமிஷம் படிப்பா. "என்னட்டி, பரீட்சைக்கா படிக்க?"ன்னு நான் கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே மறுபடியும் முதல்லேருந்து படிப்பா. பார்க்குக்கு வந்தா மரத்தடியில உக்காந்து ஒரு வாழைப்பழமும் தண்ணி பாட்டிலுமா நாலு மணி நேரத்தையும் ஓட்டிருவா. சாலட்ல முட்டை இருக்கும், பீன்ஸ்ல என்ன இருக்கும்னு தெரியாது, சோளத்தைக் கோழி சுட்ட கம்பியிலேயே வாட்டியிருப்பாங்க. கேட்டா, "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க"ம்பா.

எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆச்சு. பன்னிரண்டு நாள் எங்க வீட்டுக்குச் சாப்பாடு அவதான் கொண்டு வந்தா. என் மகளுக்கு அப்ப ஆறு வயசு, முட்டை இல்லாமச் சாப்பிட மாட்டேன்னு அடம். நான் படுத்துக் கிடக்கேன், இவர் ஆபீஸ். காந்திமதி கடைக்குப் போய்ச் சின்னதா ஒரு சட்டி வாங்கி, அவ வீட்டு அடுப்புல முட்டையை அவிச்சு, உரிச்சுக் கொண்டு வந்தாக்கா. எப்படி உரிச்சன்னு கேட்டேன். "மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உரிச்சேன்"னா. அவ்வளவுதான் சொன்னா.

அதை மனசுல வச்சுத்தான், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூலையில, இந்தத் தடவை தொட்டுக்க, கடிச்சுக்க உள்ளது பூரா என் பொறுப்புன்னு சொன்னேன். ஒரு மேசை முழுக்க சைவம். முட்டை இல்லை, கறிக்கரண்டி படாது, சோளத்துக்குத் தனி அடுப்பு. எங்க வாட்ஸப் குரூப்புல 'சைவ மேசை'ன்னு பேரு வச்சு எழுதிப் போட்டேன். நாப்பத்தோரு பேரு ஹார்ட் போட்டாங்க. நான் பேருக்காகச் செய்யிற ஆள் இல்லக்கா. ஆனா நாப்பத்தோரு பேரு.

காந்திமதி போன் பண்ணினா. "எனக்காகவா இவ்வளவும்? வேண்டாம்ட்டி, சிரமப்படாத. நான்தான் பழக்கப்பட்டுட்டேனே"ன்னா.

"நீ ஒண்ணும் பேசாத. தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில வந்து நில்லு, போதும்"னேன்.

அப்புறம், "நீ செஞ்சா நான் கேக்காமச் சாப்பிடுவேன்"ன்னா.

எல்லாம் நல்லாத்தான் செஞ்சேன். உருளைக்கிழங்கு சாலட்டுக்கு முட்டை சேர்ந்த மயோனைஸ் கூடாதுன்னு தயிரை வடிகட்டி, கடுகு அரைச்சுப் போட்டேன். வெள்ளரிப் பச்சடி. மாங்காய் அன்னாசி கலந்து மிளகாய்த்தூள் தூவி ஒண்ணு. சோளத்துக்குன்னே புதுசா ஒரு சின்ன அடுப்பு. மிச்சம் இருந்தது பீன்ஸ். நம்ம பொரியல் பண்ற பீன்ஸ் இல்லக்கா. மொச்சை மாதிரி வெள்ளைப் பயறு, அதைத் தக்காளி, வெல்லம் எல்லாம் போட்டுக் குழைய வேக வைக்கிறது. இனிப்பும் புளிப்புமா இருக்கும். முதநாளே ஊறப் போடணும், நாலஞ்சு மணி நேரம் அடுப்புல இருக்கணும்.

நேரம் இல்லாமப் போச்சு. அவ்வளவு வேலை. இல்லக்கா, உண்மையைச் சொல்லணும்னா, முதநாள் நான் மேசை விரிப்பு வாங்கப் போயிட்டேன். பச்சைக் கலர் விரிப்பு, அதுக்குத் தோதாப் பச்சைக் கிண்ணம். ரெண்டு கடை ஏறி இறங்கினேன். புருவமும் திருத்திக்கிட்டேன். வந்து பார்த்தா பயறை ஊறப் போடலை. இவர்கிட்ட, "டப்பாவுல வர்ற பீன்ஸ் நாலு வாங்கிட்டு வாங்க"ன்னு போன் பண்ணினேன். சைவமாப் பார்த்து வாங்குங்கன்னு சொன்னேனா? சொன்னேன்னுதான் நினைக்கிறேன். அவர் சொல்லலைங்கிறார். பீன்ஸ்னா சைவம்தானேன்னு யாரும் நினைப்பாங்கல்ல? மறுநாள் காலையில மூணு டப்பாவை உடைச்சு ஊத்தி, வெங்காயம் வதக்கி, வெல்லம், கொஞ்சம் சோம்பு, வத்தல்பொடி போட்டு இறக்கினேன். வாசனை தூக்கிருச்சு.

பார்க்குல ஏரிக்கரையில எங்க மேசை. பச்சை விரிப்பு, பச்சைக் கிண்ணம், எட்டு வகை. வெள்ளைக்காரங்ககூட நின்னு பார்த்துட்டுப் போனாங்க. காந்திமதி வந்தா. சுங்குடிச் சேலை கட்டியிருந்தா. தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில வந்து நின்னா. நாலு பேருக்குப் பின்னால, அவ முறைக்காகக் காத்துக்கிட்டு. அவ வீட்டுக்காரர் சிவகுருநாதன் அண்ணன் என் பக்கத்துல வந்து, "பதினொரு வருஷத்துல இவ வெளியில தட்டை எடுத்து இன்னைக்குத்தான்ம்மா பாக்கேன்"ன்னார். எனக்கு அப்படியே உடம்பெல்லாம் பூரிச்சுப் போச்சு.

எல்லாத்துலயும் ஒவ்வொரு கரண்டி வாங்கினா. பீன்ஸைச் சாப்பிட்டுட்டு நேரா என்கிட்ட வந்தா.

"ஏட்டி, இதுல என்னட்டி போட்ட? நாக்குல நிக்கே."

டப்பான்னு சொல்லியிருக்கலாம். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா சுத்தி அஞ்சாறு பேரு நிக்காங்க. நிரஞ்சனான்னு ஒரு பொண்ணு, எங்க குரூப்புல வாய்த்துடுக்கானவ, அவ வேற கேட்டுக்கிட்டு நிக்கா.

"ஒண்ணுமில்ல மதி. நேத்தே ஊறப் போட்டுட்டேன். காலையிலருந்து சின்னத் தீயிலயே நாலு மணி நேரம். கிண்டிக்கிட்டே நின்னேன்"னேன்.

"உங்க பொறுமை யாருக்கும் வராதுக்கா"ன்னா நிரஞ்சனா.

காந்திமதி ரெண்டாவது தடவை வாங்கினா. எல்லாரும் பீன்ஸ் பீன்ஸ்னு கேக்க, கிண்ணம் காலியாகப் போகுது. காரு டிக்கியில ஒரு டப்பா மிச்சம் இருந்தது. யாருக்கும் தெரியாம அதை உடைச்சுக் கலந்துரலாம்னு போனேன். டிக்கிக் கதவு மறைவுல நின்னு மூடியைத் திறந்தா, மேல வெள்ளையா ஒரு துண்டு மிதக்குது. சுண்டுவிரல் நுனி அளவு. முதல்ல வெங்காயம்னு நினைச்சேன். விரலால நசுக்கினேன், வழுக்கிச்சு. டப்பாவைத் திருப்பினேன். சின்ன எழுத்துல எழுதியிருக்கு, போர்க். பன்னிக்கொழுப்பு. காலையில அந்த மூணு டப்பாவையும் ரேடியோ கேட்டுக்கிட்டே கவுத்திருக்கேன். ஒரு தடவை திருப்பிப் பார்க்கலை.

டப்பாவை ஒரு பையில சுத்தி ஸ்டெப்னி டயருக்கு அடியில வச்சேன். வந்து பார்த்தா அவ சாப்பிட்டு முடிச்சிருந்தா. இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது சொல்லுங்க? உள்ள போனது போனதுதானே? சொன்னா அத்தனை பேருக்கு முன்னால அவ வாந்தி எடுக்கணும், அழணும். அவ நல்லதுக்குத்தான் சொல்லலைன்னு நினைச்சேன்.

ஒண்ணு செஞ்சேன்கா. நிரஞ்சனா ஒரு சின்ன டப்பாவுல பீன்ஸை எடுத்து மூடி, காந்திமதி மகளுக்குன்னு குடுத்திருந்தா. அந்தப் பொண்ணும் சுத்த சைவம். அன்னைக்கு வரலை. கிளம்புறப்ப நான் அதைக் கையில வாங்கி, தட்டுத்தடுமாறின மாதிரி புல்லுல கொட்டிட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. காந்திமதி என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. "ஐயோ, போகட்டும்ட்டி. கால் கடுக்க நின்னு செஞ்சது, வருத்தமாத்தான் இருக்கும். அழாத. பீன்ஸுக்கா அழுவாங்க?"ன்னு கண்ணைத் துடைச்சு விட்டா.

நான் குனிஞ்சு புல்லுல கிடந்த டப்பாவை எடுத்தேன்.

அதோட போயிருந்தா மறந்திருப்பேனோ என்னவோ. ஒரு மாசம் கழிச்சு அவ மகளுக்குப் பிறந்தநாள். "அந்த பீன்ஸை மட்டும் செஞ்சு தாட்டி, வேற ஒண்ணும் வேண்டாம்"னா. இந்தத் தடவை நிஜமாவே பயறு வாங்கி, ஊறப் போட்டு, காலையிலருந்து அடுப்புகிட்டயே நின்னேன். கிண்டிக்கிட்டே நின்னேன். தக்காளியைத் தோலுரிச்சுப் போட்டேன். அவ ஒரு வாய் வச்சுட்டு யோசிச்சா.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு இருந்த ருசி இல்லையே. எதையோ விட்டுட்ட."

அப்புறமும் விடலை. வீட்டுல தானே மூணு தடவை செஞ்சு பார்த்திருக்கா. பெருங்காயம் போட்டுப் பார்த்தேன், நெய் ஊத்திப் பார்த்தேன், வரமாட்டேங்குன்னு போன்ல சொல்லுதா. நெய் ஊத்தினேன்னு அவ சொன்னப்ப போனை வச்சுட்டுக் குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

அக்டோபர்ல ஒரு நாள், காலையில பத்து மணி இருக்கும், அவ வீட்டுக்குப் போனேன். அடுப்புல பால் வச்சிருந்தா, எனக்குக் காபி போட. நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். டப்பா பீன்ஸ், அதுல பன்னிக்கொழுப்பு இருந்தது, எனக்குத் தெரியாதுன்னு.

அவ கத்தலை. அழலை. பாலை இறக்கி வச்சுட்டு, அடுப்பை அணைச்சா. சேலைத்தலைப்பால வாயைத் துடைச்சா. ஒரு தடவை துடைச்சிட்டு மறுபடியும் துடைச்சா. அப்புறம் ஸ்டூல்ல உக்காந்தா.

"ஊறப் போட்டேன்னு சொன்னியேட்டி."

"சும்மா சொன்னேன்."

"டப்பான்னு சொல்லியிருந்தா, நான் வாங்கிப் படிச்சிருப்பேனே"ன்னா.

அவ்வளவுதான்க்கா. வேற திட்டு ஒண்ணும் இல்ல. படிச்சிருப்பா. நின்னு, கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சிருப்பா. நான் செஞ்சதுன்னு சொன்னதாலதான் கேக்காமச் சாப்பிட்டா.

"உனக்கு எப்பத் தெரியும்?"னு கேட்டா.

"அன்னைக்கே. டிக்கியில இன்னொரு டப்பாவைத் திறந்தப்ப."

"நான் சாப்பிட்டு முடிக்கதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால"ன்னேன்.

உங்ககிட்டயும் இப்ப அப்படித்தானே சொன்னேன்? வந்து பார்த்தா அவ சாப்பிட்டு முடிச்சிருந்தான்னு. இல்லக்கா. நான் காருகிட்டருந்து வர்றேன், அவ எங்க மேசைகிட்டத் தனியா நிக்கா. கிண்ணத்தைச் சாய்ச்சு, அடியில ஒட்டியிருந்ததை வழிச்சுத் தட்டுல போட்டுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்து வெக்கப்பட்டுச் சிரிச்சா, திருட்டுத்தனமாத் திங்கிற பிள்ளை மாதிரி. எனக்கும் அவளுக்கும் நாலடி தூரம். "மதி, வேண்டாம்"னு ரெண்டு வார்த்தை. பக்கத்துல யாரும் இல்ல. யாருக்கும் கேட்டிருக்காது. அவ ஒவ்வொரு கரண்டியா மூணு கரண்டி சாப்பிட்டா. நான் நின்னு பார்த்தேன். டப்பான்னு தெரிஞ்சு போயிரும்னு நின்னு பார்த்தேன்.

பின்னாலன்னு நான் சொன்னதும் அவ மூச்சை விட்டா. "அப்பச் சரி. தெரியாம நடந்தது. உன்மேல தப்பில்ல"ன்னா. எனக்கு ஆறுதல் வேற சொன்னா. வாசல் வரைக்கும் வந்து, "இவுககிட்டயும் என் மககிட்டயும் சொல்லிராத. நானும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உன்னை ஏதாவது சொல்லுவாக"ன்னா. காபி குடுக்கலை. மறந்திருப்பா.

அப்புறம் பேசாமயெல்லாம் இல்ல. பார்த்தா சிரிப்பா, ஊர்க்கதை பேசுவா. ஏட்டின்னு மட்டும் கூப்பிடறது நின்னு போச்சு. "வா ஜெயக்கொடி"ன்னு முழுப் பேரையும் சொல்லுவா.

போன வருஷம் ஜூலையில மறுபடியும் அதே பார்க். சைவ மேசை என் பொறுப்புன்னு குரூப்புல முடிவே பண்ணிட்டாங்க, இனிமே வருஷா வருஷம் கொடியக்காதான்னு. நான் வேண்டாம்னு சொல்லலை. இந்தத் தடவை சத்தியமாக்கா, ஒரு டப்பா கிடையாது. ஒவ்வொண்ணும் என் கையால செஞ்சது. உப்புப் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் படிச்சேன். பத்து வகை வச்சேன். காந்திமதி வந்தா. மரத்தடியில போய் உக்காந்து, பையிலருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தா. எலுமிச்சஞ்சாதம்.

என் மகள் ஒரு தட்டுல சோளம், சாலட் எல்லாம் வச்சுக் கொண்டு போய் நீட்டினா. "நீ சாப்பிடு கண்ணு, எனக்கு இது போதும்"னு அவ தலையைத் தடவி அனுப்பிட்டா.

நிரஞ்சனா பார்த்துட்டா. பார்த்துட்டுச் சும்மா இருக்கிற பொண்ணா அது? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "என்ன காந்திமதியக்கா, இப்படிப் பண்றீங்க? உங்களுக்காகத்தானே இந்த மேசையே ஆரம்பிச்சாங்க. கொடியக்கா ரெண்டு நாளா நின்னு செஞ்சிருக்காங்க. ஒரு வாய்கூடத் தொட மாட்டேங்கிறீங்க. அவங்க கையில அப்படி என்ன தீட்டு இருக்கு உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டா.

அடுப்புகிட்ட நின்ன ஆம்பளைங்ககூடத் திரும்பிப் பார்த்தாங்க. தீட்டுங்கிற வார்த்தை என்ன வார்த்தைன்னு உங்களுக்குத் தெரியும். அவ என்ன ஆளுக, நான் என்ன ஆளுகன்னு அங்க நின்ன முப்பது குடும்பத்துக்கும் தெரியும். எல்லார் மனசுலயும் அதுதான் ஓடுது. சிவகுருநாதன் அண்ணன் முகம் செத்துப் போச்சு. அவருக்கு ஒண்ணும் தெரியாதே பாவம். மனுஷன் பொண்டாட்டியையே ஒரு மாதிரி பார்க்கார்.

காந்திமதி என்னைப் பார்த்தா. கோவமால்லாம் பார்க்கலைக்கா. நீ சொல்லுவன்னு காத்திருக்கிற பார்வை. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். நான்தான் அவளுக்குப் பன்னிக்கொழுப்பை ஊட்டினேன், அவ என்னைக் காட்டிக் குடுக்காம இருக்கான்னு.

நான் இடுக்கியால சோளத்தைத் திருப்பிப் போட்டேன். திருப்பிப் போட்டுட்டு, "விடு நிரஞ்சனா, அவளுக்கு வயிறு சரியில்லையாம். என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா"ன்னேன்.

யாரும் நம்பலை. நம்பலைன்னு அவங்க மூஞ்சியிலயே தெரியுது. காந்திமதி என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. பிறகு தூக்குச்சட்டியை மூடி, "ஆமா. வயிறுதான்"னா.

அவங்க சீக்கிரமே கிளம்பிட்டாங்க. டிசம்பர்ல வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க. குரூப்புல ரெண்டு வரி எழுதிட்டு வெளியில போயிட்டா. அவ போன பிறகுதான் பேச்சு வந்தது, படிச்சு என்ன பிரயோசனம், அமெரிக்கா வந்தும் சாதிப்புத்தி போகலைன்னு. என் முன்னாலதான் பேசினாங்க. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை.

நான் வயிறுன்னு சமாளிச்ச அன்னைக்குப் பார்க்குல எல்லாம் எடுத்து வைக்கிறப்ப, நிரஞ்சனா வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அவ கண்ணு கலங்கியிருந்தது. "அவங்க அப்படி அவமானப்படுத்தியும் அவங்களை விட்டுக் குடுக்காமப் பேசினீங்க பாருங்க, உங்களுக்குப் பெரிய மனசுக்கா"ன்னா.

நான் அவ முதுகைத் தட்டிக் குடுத்தேன்.